மடி ஒன்று

மதியம் இரண்டு மணிப் படகில் ஏறியது மூன்று பேர்தான். ஸ்டூடியோக்காரி, ரிசார்ட் மேனேஜர், கதவு வேலை பார்க்கும் தச்சர். படகை ஓட்டியவன் ஸ்டூடியோக்காரியின் தம்பி.

நாற்பது வருஷத்துக்குப் பிறகு அவள் அந்தத் தண்ணீரைத் தாண்டுகிறாள். காமிராப் பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மேனேஜர் வாய் ஓயாமல் பேசிக்கொண்டே வந்தார். வெளியூர்க்காரர். ஊருக்கு வந்து ஆறு மாதம்தான் ஆகிறது. ஆனால் தீவுகளைப் பற்றி, அங்கேயே பிறந்து வளர்ந்தவர் மாதிரி பேசுவார்.

"வரவேற்பு ஹால்ல ஒரு சுவர் முழுக்க வரலாறுதான் மேடம். போட்டோ, பழைய சாமான், எழுத்து. வர்றவங்க நின்னு பார்க்கணும். பார்த்துட்டு, அடடா, இவ்வளவு நடந்த இடமான்னு வாயைப் பிளக்கணும்."

"நடந்ததெல்லாம் போடுவீங்களா சார்?" என்று தம்பி சுக்கானிலிருந்து கேட்டான்.

"நல்லதை மட்டும்."

அவள் அதிகம் பேசுகிறவள் அல்ல. ஸ்டூடியோவில் ஆளை உட்கார வைத்து, மோவாயைக் கொஞ்சம் தூக்கி, 'அசையாதீங்க' என்பாள். ஒரு நாளைக்கு அவள் பேசுவதில் பாதி அந்த ஒரு வார்த்தைதான்.

ஊரின் நடுவே ஆறு பிரிந்து, மறுபடி சேரும் இடத்தில் மூன்று தீவுகள் இருந்தன. முதலில் அங்கே வந்தவர்கள் நெஞ்சு நோய்க்காரர்கள். ஆற்றுக் காற்று நுரையீரலுக்கு நல்லது என்று எந்த டாக்டரோ சொல்ல, மேல்தீவில் ஒரு வார்டு கட்டினார்கள். நோயாளிகளைப் பார்க்க வந்த சொந்தக்காரர்கள் தங்குவதற்கு நடுத்தீவில் ஒரு விடுதி. வந்தவர்களுக்கு இடம் பிடித்துப்போனது. கொஞ்ச வருஷத்தில் நோயாளிகளை வேறெங்கோ அப்புறப்படுத்திவிட்டு, பார்க்க வந்தவர்களுக்காகவே தீவை வைத்துக்கொண்டார்கள். குளிக்கத் துறை, உடை மாற்றப் பன்னிரண்டு மர அறைகள், பாட்டுக்கு மேடை, புதுசாகக் கல்யாணம் ஆனவர்களுக்குத் தனி வீடுகள் எல்லாம் வந்தன. அந்தப் படங்களெல்லாம் அவளிடம் இருந்தன. பழைய முதலாளி ஸ்டூடியோவை அவளுக்கு விட்டுப் போனபோது, நெகட்டிவ் பெட்டிகளையும் சேர்த்தே விட்டுப் போனார். எல்லாப் படத்திலும் எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

பிறகு மேலே அணை கட்டினார்கள். தண்ணீர் திறக்கும்போது சங்கு ஊதுவார்கள். சங்கு ஊதினால் ஒரு மணி நேரத்துக்குள் தீவு காலியாக வேண்டும்.

ஒருமுறை காலியாகவில்லை. அதோடு தீவுகளை மூடிவிட்டார்கள்.

ரிசார்ட்டாக மறுபடி திறக்கப்போகிற நடுத்தீவின் துறையில் படகு இடித்து நின்றது. மரப்படிக்கு மேலே புதுசாக வர்ணம் பூசிய பலகை. அதில் வரிசையாக நூற்றியிருபது ஆணிகள். ஒவ்வொன்றிலும் எண் வெட்டிய ஒரு பித்தளை வில்லை.

"ஆளுக்கு ஒண்ணு எடுத்துக்குங்க," என்றான் தம்பி. குரலில் பெருமை. "இறங்கும்போது எடுக்கணும். கிளம்பும்போது அதே ஆணியில மாட்டணும். எந்த ஆணியும் காலியா இல்லைன்னா தீவுல ஆள் இல்லைன்னு அர்த்தம். கடைசிப் படகு கிளம்பலாம். எங்கப்பா இங்க படகு ஓட்டின காலத்து முறை."

"இதெல்லாம் விருந்தாளிகளுக்கு ரொம்பப் பிடிக்கும்," என்றார் மேனேஜர். "சின்னக் குழந்தைகளுக்கு ஏதாவது கலர்ல கொடுக்கலாமா?"

"மடியில தூக்கிட்டு வர்ற பிள்ளைக்கு வில்லை கிடையாது சார். படகு கிளம்புறதுக்கு முன்னாடி அப்பா சத்தமா கேப்பாராம், 'மடியில?'ன்னு. இருந்தா 'இருக்கு'ன்னு சொல்லணும். இல்லைன்னா 'இல்ல'. அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் அப்போ அம்மா வயித்துல இருந்தேன்." மேனேஜர் பாதியிலேயே ஒரு வில்லையை எடுத்துக்கொண்டு படியேறிப் போய்விட்டார். தம்பி அக்காவைப் பார்த்தான். "ஏன்க்கா, சரியாத்தானே சொல்றேன்?"

"ம்."

அவள் பத்தொன்பதாம் எண் வில்லையை எடுத்துக்கொண்டாள். உள்ளங்கையில் அது ஐஸ் மாதிரி இருந்தது.

*

உடை மாற்றும் அறைகளை முன்பு இருந்த மாதிரியே கட்டியிருந்தார்கள். பன்னிரண்டும் ஒரே வரிசையில், முதுகை மரங்களுக்கும் முகத்தை ஆற்றுக்கும் காட்டிக்கொண்டு நின்றன. கதவுகளில் வெள்ளை எண்கள். புது மரத்தின் வாசனை. அதற்கு அடியில் இன்னொரு வாசனை: ஆற்றுச் சேறும், துணி சோப்பும் கலந்தது. அவளுக்கு அது தெரிந்த வாசனை. இந்தத் தீவின் சலவைக்கூடத்தில்தான் அவள் அம்மா துண்டு துவைத்துக்கொண்டிருந்தாள்.

அவள் ஒவ்வொரு கதவாகத் திறந்து படம் எடுத்துக்கொண்டு வந்தாள். ஆறு வரை எடுத்தாள். ஏழு திறக்கவில்லை.

"அதை விட்டுருங்க மேடம்," என்றார் தச்சர். தலையைச் சொறிந்துகொண்டு மேனேஜரை ஓரக்கண்ணால் பார்த்தார். "உள்தாழ் விழுந்திருக்கு."

"அப்போ பின்னாடி ஜன்னல் வழியா எடுத்துவிட வேண்டியதுதானே?" என்றார் மேனேஜர்.

"எடுத்துவிடலாம் சார். ஆனா ஒரு சந்தேகம்."

"என்ன?"

"இன்னும் நான் எந்தக் கதவுக்கும் உள்தாழே வைக்கல."

மேனேஜர் சிரித்தார். "மரம் ஊறிப்போயிருக்கும் ஐயா. நாளைக்கு உளியை விட்டு நெம்புங்க. உங்க வீட்டுக் கதவையாவது ஒழுங்கா வச்சிருக்கீங்களா, இல்ல அதுவும் இப்படித்தானா?"

"எங்க வீட்டுல என் பொண்டாட்டி உள்ள இருந்து தாழ் போடுவா சார். அது வேற கதை," என்றார் தச்சர். ஆனால் அவர் சிரிக்கவில்லை.

அவள் ஏழாம் கதவின் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். மேனேஜரின் செருப்புச் சத்தம் தள்ளிப் போனது. தச்சரின் இருமல் தள்ளிப் போனது. மரங்களில் காக்கைகள் கத்திக்கொண்டிருந்தன, ஆறு சலசலத்துக்கொண்டிருந்தது. கதவுக்கு ஒரு அடி நெருங்கிப் போனாள்.

சத்தம் எல்லாம் நின்றுவிட்டது.

குறையவில்லை, நின்றுவிட்டது. காக்கையின் வாய் திறந்து மூடுவது தெரிந்தது. கத்தல் கேட்கவில்லை. மூச்சை அடக்கிக்கொண்டு யாரோ ஒளிந்திருக்கிற அறைக்கு வெளியே நிற்பது போன்ற அமைதி.

ஒரு அடி பின்னால் வந்தாள். காக்கை கத்தியது.

*

அவளுக்கு அப்போது எட்டு வயது. தங்கைக்கு இரண்டரை. தங்கையை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கொழுகொழுவென்று, நடக்கச் சோம்பேறிப்பட்டு, எப்போதும் யாராவது ஒருவர் இடுப்பில்தான் இருக்கும். அதனால் 'மூட்டை'. அப்பாதான் வைத்தார்.

சங்கு ஊதிய அன்று அம்மா முதல் படகில், மற்ற வேலைக்காரப் பெண்களோடு, துவைத்த துணிகளை ஏற்றிக்கொண்டு போய்விட்டாள். போகும்போது கத்திவிட்டுப் போனாள்: "மூட்டையைப் பத்திரமா எடுத்துக்கிட்டு அப்பாகூட கடைசிப் படகுல வந்துருடி!"

அதற்கு முன்பே, சங்கு ஊதுவதற்கு ஒரு நாழிகை முன்பே, அவள் மூட்டையை ஏழாம் அறையில் உட்கார வைத்திருந்தாள். மேடையில் பாட்டு நடந்துகொண்டிருந்தது. இடுப்பில் பாரத்தோடு கூட்டத்துக்குள் நுழைந்து பார்க்க முடியாது. "கண்ணாமூச்சி. நான் வந்து கூப்பிடுற வரைக்கும் வெளியே வரக்கூடாது. சத்தம் போடாதே," என்றாள். மூட்டை சிரித்துக்கொண்டே விரலை உதட்டின் மேல் வைத்துக் காட்டியது.

பிறகு சங்கு. பிறகு ஓட்டம். யாரோ அவளைத் தள்ளிக்கொண்டு துறைக்கே கொண்டுவந்துவிட்டார்கள். அங்கே அம்மா விட்டுப்போன ஒரு துணி மூட்டை இருந்தது. அதை மடியில் வைத்துக்கொண்டு படகில் உட்கார்ந்தாள். சால்வை போர்த்திய துணி மூட்டை. அப்பா பலகையைப் பார்த்தார். ஆணிகள் எல்லாம் நிறைந்திருந்தன. படகுக்குள் அத்தனை தலைகள், அத்தனை கூச்சல்.

"மடியில?" என்று கத்தினார் அப்பா.

அவள் சொன்னாள்: "மூட்டை இருக்குப்பா."

நாற்பது வருஷமாக அவள் தனக்குள் நடத்திவரும் வழக்கு இது ஒன்றுதான். மடியில் மூட்டை இருந்தது. அவள் பொய் சொல்லவில்லை. அம்மாகூட மூட்டையைக் கொண்டுவா என்றுதான் சொன்னாள். எந்த மூட்டை என்று சொன்னாளா? இல்லை. இப்படி வாதாடிக்கொண்டே போவாள். கடைசியில் எப்போதும் ஒரே இடத்தில் வந்து முட்டிக்கொள்வாள்: சொன்னபோது அவளுக்குத் தெரியும். அப்பா எதைக் கேட்கிறார் என்று தெரியும். எப்படி எடுத்துக்கொள்வார் என்று தெரியும். அடிக்குப் பயந்தாள். அடுத்த படகு இருக்கும் என்று நினைத்தாள்.

அடுத்த படகு இல்லை. கரையேறுவதற்குள் தண்ணீர் வந்து தீவை மூடிவிட்டது.

தண்ணீர் வடிந்தபோது ஏழாம் அறை இருந்த இடத்தில் சேறுதான் இருந்தது. எதுவும் கிடைக்கவில்லை.

கேட்டவர்களிடமெல்லாம் அவள் அழுதாள்; எட்டு வயதுப் பிள்ளை, கூட்டத்தில் தவறவிட்டுவிட்டது என்று அவளை விட்டுவிட்டார்கள். மடியை எண்ணத் தெரியாதவன் என்று ஊர் அப்பாவைச் சொன்னது. வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். அம்மா அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. பத்தொன்பது வருஷம், அவர் சாகும்வரை. தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்குக் கரையில் போய் நிற்பார், இருட்டினதும் திரும்பி வருவார். மகள் சொன்ன பதிலை அவர் யாரிடமும் சொல்லவில்லை. அவளிடம்கூடக் கேட்கவில்லை. சாப்பிடும்போது சில சமயம் அவளையே பார்த்துக்கொண்டிருப்பார். அவள் தட்டைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அந்த வீட்டில் அதுதான் பேச்சு.

அம்மாவுக்கு இப்போது கண் தெரியாது. காது மட்டும் பாம்புக் காது. மகள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளேயிருந்து கேட்பாள்: "எல்லாரும் வந்தாச்சா?" வீட்டில் இருப்பது அம்மாவும் மகனும் மகளும்தான். ஆனாலும் 'எல்லாரும்' என்றுதான் கேட்பாள்.

*

"மேடம், ஒரு பொக்கிஷம் காட்டவா?" என்றார் மேனேஜர்.

ஊர்க்கரையிலிருந்த பழைய படகு ஆபீஸின் பரணில் கிடைத்த ஒரு தகரப்பெட்டியைத் தன் ஆபீஸ் அறைத் தரையில் வைத்திருந்தார். துருப்பிடித்து, மூடி வளைந்து. உள்ளே மெழுகுத் துணியில் சுற்றிய நீளமான நோட்டு. அட்டையைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. அப்பாவின் படகு நோட்டு. ஒவ்வொரு படகும் கிளம்புமுன் ஒரு வரி: நேரம், வில்லை, மடி.

"உங்கப்பா கையெழுத்துன்னு தம்பி சொன்னாரு. முத்து முத்தா எழுதியிருக்காரு. கண்ணாடிப் பெட்டிக்குள்ள, கடைசிப் பக்கத்தைத் திறந்து வைக்கலாம்னு இருக்கேன். தீவோட கடைசி நாள்! நீங்க அதை நல்லா ஒரு படம் எடுத்துக் குடுங்க, பெருசாப் போட்டுரலாம்." பக்கங்களை எச்சில் தொட்டுப் புரட்டினார். "ஆனா ஒண்ணு புரியல மேடம். இதைப் பாருங்க."

விரலை வைத்த இடத்தில் அவள் குனிந்து பார்த்தாள்.

மாலை 5.10. கடைசி. வில்லை 18. மடி 1. மூட்டை.

"மடி ஒண்ணுன்னா என்ன? ஒருத்தர் மடிஞ்சாருன்னா?" மேனேஜர் குரலைத் தாழ்த்திக்கொண்டார், அதில் ஒரு குஷியும் இருந்தது. "படகு கிளம்புறதுக்கு முன்னாடியே எப்படிங்க எழுதினாரு? கூடவே ஒரு மூட்டை வேற. லக்கேஜா?"



"பழைய எழுத்து," என்றாள். "எனக்கும் தெரியல."

அந்த ஒரு வரி போதும். அப்பா கேட்டிருக்கிறார். பதில் வாங்கியிருக்கிறார். எழுதியிருக்கிறார். யார் மடியில் என்று அம்மா கேட்பாள்; அன்று மூட்டை யார் பொறுப்பில் இருந்தது என்று ஊருக்கே தெரியும். அப்பாவை விடுவிக்கிற வரி அது. கட்டப்போவது அவளை.

மேனேஜரின் போன் அடித்தது. சிக்னல் தேடி வெளியே போனார்.

கதவைப் பார்த்தாள். பக்கத்தைப் பார்த்தாள். தையல் ஓரமாக விரலை வைத்து மெதுவாக இழுத்தாள். ஊறி உலர்ந்த காகிதம். கிழிகிற சத்தம் அறை முழுக்கக் கேட்க வேண்டும்.

கேட்கவில்லை.

வெளியே மேனேஜரின் பேச்சும் இல்லை. காக்கை இல்லை. ஆறு இல்லை.

சோப்பு வாசனை மட்டும், யாரோ பக்கத்தில் வந்து நிற்கிற மாதிரி.

காகிதத்தை நாலாக மடித்துக் காமிராப் பைக்குள் வைத்தாள். நோட்டை மூடி, மெழுகுத் துணியில் சுற்றினாள். நிமிர்ந்தபோது தரையில், தகரப்பெட்டிக்கும் அவள் காலுக்கும் நடுவில், சின்னதாக ஒரு ஈர வட்டம். குழந்தை உட்கார்ந்து எழுந்த அளவு.

*

ஐந்து மணிக்கு ஆற்றின் மேல் பனிமூட்டம் இறங்கியிருந்தது. தச்சர் வில்லையை மாட்டினார். மேனேஜர் மாட்டினார். அவள் பத்தொன்பதாம் ஆணியில் மாட்டினாள்.

"எல்லாம் சரி," என்றான் தம்பி. பிறகு, சும்மா விளையாட்டுக்கு, அப்பா மாதிரி குரலைக் கனமாக்கிக்கொண்டு கத்தினான்: "மடியில?"

மேனேஜர் கைதட்டினார்.

"இல்ல," என்றாள்.

படகு கிளம்பியது. கரை எதிரேதான், பத்து நிமிஷம்கூட ஆகாது. மூட்டத்துக்குள் நுழைந்ததும் இன்ஜின் சத்தம் போய்விட்டது. இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது, பலகை அதிர்வது காலில் தெரிந்தது. சத்தம்தான் இல்லை. மேனேஜர் ஏதோ சொல்ல வாயைத் திறந்து, தன் குரலே தனக்குக் கேட்காமல், மறுபடி திறந்தார்.

பத்து நிமிஷம். கால் மணி.

படகு ஒரு துறையில் இடித்தது. மரப்படி. மேலே பலகை. நூற்றியிருபது வில்லை.

சத்தம் திரும்பி வந்தது. முதலில் வந்தது தச்சரின் குரல்: "இது நாம கிளம்பின இடம்."

"என்னய்யா இது, கண்ணை மூடிக்கிட்டா ஓட்டறே?" என்றார் மேனேஜர்.

"நேராத்தான் சார் விட்டேன். நான் பொறந்ததுல இருந்து இந்த ஆத்துல..." தம்பி முடிக்கவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டான். "மூட்டம் சார். நீரோட்டம் இழுத்திருக்கும்."

மறுபடி கிளப்பினான். இந்தத் தடவை அவன் விளையாடவில்லை. ஆனால் வாய் தானாகக் கேட்டது, பழக்கம் மாதிரி, மெதுவாக:

"மடியில?"

"இல்லடா. ஓட்டு."

சத்தமில்லாத மூட்டம். கால் மணி நேரம். தச்சர் இரண்டு கையாலும் படகின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தார்.

மரப்படி. பலகை.

பலகையில் எல்லா வில்லையும் அசையாமல் தொங்கின. பத்தொன்பது மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

தம்பி அவளிடம் குனிந்து கிசுகிசுத்தான். "அக்கா, எனக்குப் பயமா இருக்குக்கா. ஆணி எல்லாம் நிறைஞ்சிருக்கு. எதை விட்டுட்டுப் போறோம்?"

நாற்பது வருஷத்துக்கு முன் இதை யாராவது கேட்டிருந்தால்.

அவள் எழுந்தாள். "இருங்க. லென்ஸ் மூடியை விட்டுட்டேன்."

"அக்கா, போகாதே."

"ரெண்டு நிமிஷம்."

பன்னிரண்டு கதவுகளும் மூட்டத்தில் வெளிறி நின்றன. அவள் எண்ணிக்கொண்டே நடந்தாள். ஏழின் முன்னால் நின்றாள். அமைதி வந்து காதை அடைத்தது. கதவில் கை வைத்தாள். ஈரம். மறுபக்கத்திலிருந்து, அதே உயரத்தில் இல்லை, அவள் முழங்கால் உயரத்தில், ஏதோ மெல்லச் சாய்ந்து நின்றது.

வந்து கூப்பிடுகிற வரைக்கும் வெளியே வரக்கூடாது.

கூப்பிடவே இல்லையே.

"மூட்டை," என்றாள். அவள் குரல் மட்டும் அவளுக்குக் கேட்டது. "வாடி. வீட்டுக்குப் போலாம்."

இல்லாத தாழ்ப்பாள் விலகியது.

கதவு ஒரு சாண் திறந்தது. உள்ளே ஒன்றும் இல்லை. புது மரம், இருட்டு. அவள் திரும்பி நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. அவள் செருப்புக்குப் பின்னால், செருப்பில்லாத சின்னக் கால்கள் ஈர மணலில் பதிவது கேட்டிருக்க வேண்டும். எதுவும் கேட்கவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

படகில் உட்கார்ந்தாள்.

மடி கனத்தது.

மெல்ல, பழக்கப்பட்ட மாதிரி, ஒரு பக்கமாகச் சரிந்து, இடுப்பில் தலையைச் சாய்த்துக்கொண்டு. சேலை தொடையோடு நனைந்து ஒட்டியது. குளிர் எலும்பு வரை போனது. குனிந்து பார்த்தாள். சேலை மடிப்புதான் இருந்தது, நடுவில் குழிந்து.

"மடியில?" என்றான் தம்பி. அழுகிற குரல்.

"இருக்கு."

"என்ன இருக்கு? காமிராப் பையா?"

"மூட்டை."

அவனுக்கு அந்தப் பெயர் தெரியாது. அந்த வீட்டில் யாரும் அதைச் சொன்னதில்லை. "சரி, கெட்டியாப் பிடிச்சுக்கோ," என்றான்.

படகு அவள் பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்தே போனது. பத்து நிமிஷத்தில் ஊர்க்கரையின் விளக்குகள் தெரிந்தன. மேனேஜர் இறங்கியதும் யாரிடமும் சொல்லாமல் போய்விட்டார். தச்சர் மட்டும் படியில் நின்று, அவள் இறங்கி வருவதைப் பார்த்தார். அவள் இடது கையை வளைத்து, இடுப்பை ஒடித்து, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருகிறவள் போல நடந்து வந்தாள். அவர் ஒதுங்கி வழி விட்டார்.

*

"எல்லாரும் வந்தாச்சா?" உள்ளேயிருந்து அம்மாவின் குரல்.

அவள் செருப்பைக் கழற்றினாள். கட்டிலுக்கு எதிரே இருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். படகைக் கட்டிப் போட்டுவிட்டு வர தம்பிக்கு இன்னும் நேரமாகும். சுவர்க் கடிகாரம் டிக் டிக் என்று ஓடிக்கொண்டிருந்தது. சொல்லிவிட வேண்டும் என்று வழியெல்லாம் முடிவு செய்துகொண்டு வந்திருந்தாள். பையிலிருந்து காகிதத்தை எடுத்துப் பிரித்தாள்.

"அம்மா. அப்பாவோட படகு நோட்டு கிடைச்சுது. கடைசி நாள் எழுதினது."

அம்மாவின் முகம் இறுகியது. "அந்த மனுஷன் எழுதி என்ன ஆகப்போகுது?"

"வில்லை பதினெட்டு. மடி ஒண்ணு." காகிதத்தைத் தாழ்த்தினாள். "அப்பா எண்ணினாரும்மா. அவரு எண்ணினது சரிதான்."

பார்வையில்லாத கண்கள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தன. கன்னத்துச் சுருக்கம் மட்டும் அசைந்தது.

"மடி ஒண்ணா?" என்றாள் கடைசியில். "அப்போ குழந்தை படகுல இருந்துச்சா? யாரு மடியிலடி இருந்துச்சு?"

இதுதான் அந்தக் கேள்வி. ஒரே வார்த்தை சொன்னால் போதும்.

கடிகாரத்தின் பெண்டுலம் ஆடிக்கொண்டிருந்தது.

டிக் டிக் கேட்கவில்லை.

"தெரியலம்மா," என்றாள். "அது எழுதல."

அம்மா தலையைச் சாய்த்துக் காதைத் தீட்டிக்கொண்டாள். "என்னடி அது, சொட்டுச் சொட்டா?"

நாற்காலிக்கு அடியில் தண்ணீர் தேங்கியிருந்தது.

"மூட்டைம்மா," என்றாள் அவள், தன்னை அறியாமல்.

"ஈரத்துணி மூட்டையை எதுக்கு மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருக்கே? கீழ இறக்கி வையேன்."

"இறங்க மாட்டேங்குது."

அம்மாவின் முகத்தில் ஏதோ மாறியது. கட்டிலிலிருந்து மெல்ல முன்னால் நகர்ந்தாள். இரண்டு கைகளும் காற்றைத் தடவிக்கொண்டு வந்தன. மகளின் முழங்காலைத் தொட்டன. அதற்கு மேல் ஒரு சாண் உயரத்தில், ஒன்றுமே இல்லாத இடத்தில், நின்றன. விரல்கள் வளைந்து, ஒரு சின்னத் தலையைக் கோதுகிற மாதிரி, கீழே இறங்கின.

"தலையைத் துவட்டாமலே கூட்டிட்டு வந்திருக்கியே," என்றாள் அம்மா. குரல் நாற்பது வருஷம் இளமையாகியிருந்தது. "என் கண்ணு. என் மூட்டை. இத்தனை நாளா எங்கடி இருந்தே? உன்னை யாரு எங்க விட்டுட்டுப் போனாங்க? அம்மாகிட்ட சொல்லு."

அம்மா காதைக் கிட்டே கொண்டுவந்தாள்.

"ஏன்டி ஒண்ணுமே பேச மாட்டேங்குது?"

அவளுக்குத் தெரியும். 'வா' என்றுதான் கூப்பிட்டாள். பேசலாம் என்று இன்னும் சொல்லவில்லை.

மடியில் அது நிமிர்ந்தது. ஈர மூச்சு அவள் கழுத்தில் பட்டது. அம்மாவின் பக்கம் மெல்லத் திரும்பியது. ஒரு குழந்தை நெடுநேரம் அடக்கி வைத்ததைச் சொல்வதற்கு முன் இழுக்கிற மூச்சு.

"சொல்லுடா கண்ணு," என்றாள் அம்மா.

ஸ்டூடியோக்காரி குனிந்தாள். உதடு சில்லென்ற ஈர முடியில் பட்டது.

"சத்தம் போடாதே," என்று கிசுகிசுத்தாள்.

இழுத்த மூச்சு அப்படியே நின்றது.

பிறகு குண்டான, சின்ன, குளிர்ந்த ஒரு விரல் வந்து அவள் உதட்டின் குறுக்கே படிந்தது. அவள் முகத்தைத் திருப்பிக்கொள்ளப் பார்த்தாள். விரலும் கூடவே திரும்பியது.

வாசலில் தம்பி செருப்பைக் கழற்றுவது, கதவைத் திறப்பது, வாயைத் திறந்து ஏதோ கேட்பது எல்லாம் தெரிந்தது. அவன் கேட்டது அவளுக்குக் கேட்கவில்லை. பதில் சொல்ல உதட்டைத் திறக்க அந்த விரல் விடவும் இல்லை.